சிதம்பரம் தண்ணீர் குடிக்காத வாட்டர் பம்ப்

நம் ஒர்க்ஷாப்பின் உதிரிபாக ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவத்தப் பத்திதான் மேடம்" என்றார். என் அனுபவத்தில் பெரும்பகுதி "அந்த சாமான் ஸ்டாக் இல்லைங்க" என்று சொன்னதுதான். அதை நீங்களே நன்றாகச் சொல்கிறீர்கள். காலையில் கவுன்டர் ஓரமாக நின்று கேட்டேன்.

அதனால் பொதுவாக எதுவும் பேசாமல், ஒரே ஒரு வாட்டர் பம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். காரின் நிறத்தையும் மாற்றிவிட்டேன். ஊரை மட்டும் மாற்றவில்லை. ஊரை மாற்றினால் தண்ணீர் மாறிவிடும். தண்ணீர் மாறினால் கதையே கிடையாது.

கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிற நம் ஒர்க்ஷாப்புக்கு ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் வக்கீல் சபாநாயகம். சிவில் வழக்குகளில் பேர்போனவர், தெற்கு வீதிப் பக்கம் வீடு. தான் சொல்வதை ஜட்ஜ் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளட்டும் என்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவர் அப்பா காலத்தில் வாங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு, கரும்பச்சை, மேலே கூரை கிடையாது. மழை வந்தால் கான்வாஸை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் வருடா வருடம் பழைய கார்க்காரர்கள் ஒன்றுகூடி நடத்துகிற அணிவகுப்புக்கு அதை ஓட்டிக்கொண்டு போவார். அங்கே கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அவர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "எங்க அப்பா வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. ஒரு நட்டுகூட மாத்தல."

அந்த அணிவகுப்பில்தான் புதுச்சேரிக்காரர் ஒருவர் அவருக்குச் சிநேகிதமானார். அந்தச் சங்கத்துக்கே தலைவர். இருவரும் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கூட வந்திருந்த இவர் மகளும் அவர் மகனும் வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமானது. தை மாதம், சிதம்பரத்தில். புதுச்சேரிக்காரர் சீர் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் நடக்க வேண்டும்.

அப்போதுதான் காரின் வாட்டர் பம்ப் போனது. இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைத்து, அது கொதித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற சாமான் அது. பேரிங் ஆட ஆரம்பித்து, கீழே தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

"ஏம்மா, நம்ம வண்டிக்கு வாட்டர் பம்ப் வேணும். நம்பர் அனுப்பிச்சிருக்கேன், பாரு. இங்கிலாந்துலேர்ந்துதான் வரவழைக்கணும்" என்றார் சபாநாயகம்.

"வண்டிய ஒரு தடவ இங்க கொண்டாந்து காட்டிடுங்களேன் சார்."

"எதுக்கு? புஸ்தகத்துல நம்பர் போட்டிருக்குதே."

புத்தகத்தில் நம்பர் போட்டிருந்தது உண்மை. காரின் வருடத்துக்கும் மாடலுக்கும் அதே நம்பர்தான் என்று இங்கிலாந்துக் கடையின் இணையதளமும் சொன்னது. இரண்டும் ஒன்றையே சொல்லும்போது நாம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஆர்டர் போட்டேன்.

பம்ப் வந்தது. அதன் அட்டைப்பெட்டியே நம் ஊரில் மோதிரம் வைத்துக் கொடுக்கிற பெட்டியைவிட நன்றாக இருந்தது. சிதம்பரத்துக்கு அனுப்பிவைத்தேன். அந்த வண்டியில் வேறு யாரும் கைவைக்க விடமாட்டார் சபாநாயகம். கோர்ட் இல்லாத நாளில், அப்பாவின் ஸ்பேனர் செட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவரே மாட்டுவார். மறுநாள் போன் வந்தது.

"போல்ட்டெல்லாம் கச்சிதமா உக்காருது. பெல்ட் மட்டும் கோணலா ஓடுது. பெல்ட் ஏறுற கப்பி ஒரு விரக்கடை பின்னால நிக்குது."

இங்கிலாந்துக்கு எழுதினேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. அந்தக் காருக்கு அந்த நம்பர்தான், ஒருவேளை உங்களுடையது வருடத் தொடக்கத்தில் செய்ததாக இருக்கலாம், அதற்கு வேறு பம்ப் உண்டு என்றார்கள். அதையும் வரவழைத்தேன். அது உட்காரவே இல்லை.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பழைய பம்ப்பையே கழட்டி அனுப்புங்க சார், பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்" என்றேன்.

"பழசயா? கழட்டியா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "அனுப்புறேன்" என்றார்.

வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிப் பழைய பம்ப் வந்து சேர்ந்தது. ஃபோர்மேன் கலியமூர்த்தியும் நானும் அதை, சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்திருந்த முதல் இங்கிலாந்துப் பம்ப்புக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தோம். கலியமூர்த்தி தேவனாம்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் கரையில் இன்ஜினோடு நின்றுவிட்டார். காலிப்பர் வைத்த இடமெல்லாம் ஒரே அளவு. நீளம், துளை, கப்பி உட்காருகிற இடம், எல்லாமே அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போனது.

"ரெண்டும் ஒண்ணுதான அக்கா. அப்பறம் ஏன் ஏறலங்குறாரு? வக்கீலுக்கு மாட்டத் தெரியல, வேற ஒண்ணும் இல்ல" என்றார் கலியமூர்த்தி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. படித்தவர்கள் ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி நமக்கெல்லாம் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சரிபார்க்காமலே வைத்துக்கொள்வது சௌகரியம்.

அன்று மத்தியானம் மறுபடி சபாநாயகத்தின் போன். இந்த முறை நேரே மேனேஜருக்கு. பம்ப்புக்கு அடியில் வாஷர்களைக் கொடுத்து நகர்த்தி மாட்டிவிட்டால் பெல்ட் நேராகிவிடாதா என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் என் கவுன்டருக்கு வந்தார்.

"ஊர்வலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லங்குறாரு மேடம். கஸ்டமரே வாஷர் வைக்கச் சொல்றாரு. வச்சுக் குடுத்துடலாமே?"

"மாட்டேங்க" என்றேன்.

"ஏன்?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அறவே பொருந்தாத சாமானால் நமக்குத் தொல்லையே கிடையாது. அது வண்டியில் ஏறவே ஏறாது, திருப்பி அனுப்பிவிடலாம். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாமான்தான் ஆளைக் கொல்லும். வாஷர் வைத்து நகர்த்திய பம்ப், ஒர்க்ஷாப்பில் ஸ்டார்ட் செய்தால் அழகாகச் சுற்றும். கூட்டத்துக்கு நடுவில், சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாக நெளியும். அதன் மூக்கில் உட்கார்ந்திருக்கிற விசிறி எதிரே இருக்கிற ரேடியேட்டருக்குள் போய்ச் சேரும். கொதிக்கிற தண்ணீர் வெளியே பீய்ச்சும். வெளியே என்றால், மேளக்காரர்களும் ஆரத்தித் தட்டோடு பெண்களும் நிற்கிற இடம். கூரையில்லாத காரில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை.

இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "அப்ப என்னதான் செய்யறது?" என்றார். மாட்டேன் என்று சொல்வதில் உள்ள சங்கடமே இதுதான். சொல்லி முடித்த மறுநிமிடம் எல்லோரும் நம் முகத்தையே பார்ப்பார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் பழைய பம்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உள்பக்கத்தில் விரலைவிட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். குளித்தால் சோப்பு நுரைக்காது. பக்கெட்டில் வைத்தால் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரைக் குடித்த எந்தப் பம்ப்பும் உள்ளே உப்புப் பொருக்கும் துருவுமாகத்தான் இருக்கும். கையில் பட்டால் காவியாக ஒட்டும். இதில் ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனை.

"கலியமூர்த்தி, இந்தப் பம்ப் எவ்வளவு நாளா வண்டியில இருந்திருக்கும்?"

அவர் வாங்கிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது சிதம்பரம் தண்ணி குடிச்ச பம்ப் இல்ல அக்கா. இது பீரோவுல இருந்த பம்ப்."

அப்படியானால் வண்டியில் இருப்பது வேறு. சபாநாயகம் வண்டியைக் காட்ட மாட்டேன் என்றதும், சாம்பிள் கேட்டபோது அப்படித் திருப்பிக் கேட்டதும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு மாட்டத் தெரியாமல் இல்லை. வண்டியில் இருக்கிற பம்ப்பை நம் கண்ணில் காட்டத்தான் மனமில்லை.

போன் செய்துவிட்டுப் போனால் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்று தோன்றியது. மறுநாள் சொல்லாமலே நானும் கலியமூர்த்தியும் பஸ் ஏறினோம். கதவைத் திறந்தது அவர் மனைவி சிவகாமி அம்மாள். கடலூர் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. அந்த டாக்சி இன்ஜினப் பாக்கத்தான வந்திருக்கீங்க? அது தண்ணியா ஒழுவுது. கார் ஷெட்டு பூரா ஈரம்."

பின்னாலேயே வந்த சபாநாயகம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் ஏற்றித் திணறடித்தவர். தன் வீட்டுச் சாட்சியை அவர் தயார்படுத்தி வைக்கவில்லை.

"சிவகாமி, நீ உள்ள போ" என்றார்.

"ஏன், நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே போனார்.

அவர் எங்களை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளிக்கதவைச் சாத்தினார். பானெட்டைத் தூக்கினார். உள்ளே இருந்த இன்ஜின் நன்றாகத் துடைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. கலியமூர்த்தி குனிந்து ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு காலத்தில் ஒவ்வொரு ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும் வரிசையாக நின்ற கறுப்பு டாக்சியின் இன்ஜின். இங்கிலாந்துக்காரன் போட்ட அதே வரைபடத்தை வைத்து நம் ஊரில் செய்தது. பங்காளி வகை. அதனால்தான் போல்ட் உட்கார்ந்தது. பங்காளி என்பதால்தான் பெல்ட் கோணிக்கொண்டது.

சபாநாயகம் வண்டியின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு சொன்னார். அப்பா ஒரு கோடையில் புவனகிரி பக்கம் போயிருந்தபோது வண்டி கொதித்திருக்கிறது. அவசரத்தில் வெள்ளாற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறார். சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டு இன்ஜின் பிளாக் விரிசல்விட்டது. புது பிளாக் இங்கிலாந்திலிருந்து வர வழியில்லாத காலம். புவனகிரி மெக்கானிக் ஒருவர் டாக்சி இன்ஜினை இறக்கிப் பொருத்திக் கொடுத்தார். உடைந்த இன்ஜினுக்கென்று முன்பே வாங்கி, ஒருநாளும் மாட்டாமல் வைத்திருந்த உபரி பம்ப்பை அப்பா துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்.

"வெளியில சொல்லாதடான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மொதல்ல சும்மாத்தான் இருந்தேன். அப்பறம் ஒருத்தர் கேட்டாரு, எல்லாம் ஒரிஜினலான்னு. ஆமான்னுட்டேன். அதுக்கப்பறம் வருஷா வருஷம் ஆமான்னு சொல்லணுமா இல்லியா?" என்றார்.

கலியமூர்த்தி பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"எங்க ஊர்ல போட்டுல லாரி இன்ஜின் போட்டு ஓட்டுறாங்க சார். மீனு ஒண்ணும் வலையில விழமாட்டேன்னு சொல்லல."

சபாநாயகம் சிரித்துவிட்டார். அதுவரை நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார்: "சம்பந்திக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா. அவரு இந்த வண்டியப் பாத்துத்தான் எங்கூடப் பழகுனாரு. பொய்யன்னு நெனச்சுட்டாருன்னா எம் பொண்ணு அந்த வீட்ல எப்படி தலநிமிந்து இருக்கும்?"

அந்தக் கேள்வியில் வக்கீல் இல்லை. அப்பாதான் இருந்தார். சரி என்று தலையாட்டினேன்.

இங்கிலாந்துச் சாமானைக் கண்டுபிடிப்பதைவிட நம் ஊர்ச் சாமானைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. அந்த டாக்சியைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடலூர்க் கடைகளில் கேட்டால் அருங்காட்சியகத்துக்கு வழி சொன்னார்கள். கடைசியில் மங்கலம்பேட்டையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற பாய் ஒருவரிடம் கிடைக்கலாம் என்று கலியமூர்த்திக்குத் தகவல் வந்தது. வண்டியில் உண்மையாகவே இருந்த பம்ப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனோம். இது சிதம்பரம் தண்ணீரைக் குடித்த பம்ப்தான். பை முழுக்கக் காவி.

"எந்த வண்டிக்கும்மா?" என்றார் பாய்.

"பழைய டாக்சிக்கு பாய்."

"எந்த ஊரு டாக்சி?"

"சிதம்பரம்."

"சிதம்பரத்துல ஏதும்மா இப்ப அந்த டாக்சி? கடசி வண்டிய நான்தான ஒடச்சேன்."

சாமானைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. வண்டியை மறைப்பதில் பழக்கம் இல்லை.

"ஒருத்தர் வீட்டுல வச்சிருக்காரு பாய். ஆசைக்கு."

"ஆசைக்கு டாக்சியா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். இரண்டு பம்ப்புகளோடு வந்தார். ஒன்று புதிது, பளபளவென்று பிளாஸ்டிக் உறையில். "இதத்தான் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க. கிட்டத்தட்ட அதேதான்." இன்னொன்று பழையது, ஆனால் யாரும் பயன்படுத்தாதது. அட்டையே நிறம் வெளுத்திருந்தது. "இது அசல். ஆனா ரொம்ப நாளாக் கெடக்குதும்மா. சீலெல்லாம் காஞ்சு போயிருக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தேன். புதிய பம்ப், பின்னாளில் வந்த வண்டிகளுக்கானது. கப்பி உட்காருகிற மூக்கு கட்டை. மறுபடியும் வாஷர் கதைதான். பழையது அச்சு அசலாக ஒத்துப்போனது. ஆனால் உள்ளே இருந்த ரப்பர் சீலைத் தொட்டதும் உதிர்ந்தது. அப்படியே மாட்டினால் ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்குள் ஒழுகும்.

மேனேஜர் போனில் புதியதை வாங்கச் சொன்னார். பளபளப்புக்கு வாரன்டி உண்டு, வெளுத்த அட்டைக்குக் கிடையாது என்பது அவர் வாதம். தவறில்லை. ஆனாலும் நான் பழையதை எடுத்தேன். அளவு தப்பாக இருந்தால் அதை யாராலும் திருத்த முடியாது. சீலையும் பேரிங்கையும் மாற்ற ஆள் இருக்கிறார்கள். கடலூர் முதுநகரில் மீன்பிடி போட்டுகளின் பம்ப்பைப் பழுதுபார்க்கிற கலியமூர்த்தியின் மச்சான் ஒருவர் இருந்தார்.

"கடல் தண்ணிக்கே தாங்குற சீல் போட்டுத் தர்றேன். வண்டி எதுன்னு சொல்லு மச்சான்" என்று கேட்டிருக்கிறார்.

"டாக்சி" என்று சொல்லியிருக்கிறார் கலியமூர்த்தி. மறைக்கப் பழகிவிட்டார்.

பம்ப் ஏறியது. பெல்ட் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. சபாநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பிச்சாவரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம்மா" என்றார்.

"வேணாம் சார்."

"ஏன்? டெஸ்ட் பண்ண வேணாமா?"

"பண்ணணும். ஆனா ஓட்டி இல்ல. ஊர்வலத்துல வண்டி ஓடப்போறதில்ல சார், நிக்கப்போவுது."

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று பட்டே ரேடியேட்டர் குளிர்ந்துவிடும். மட்டமான பம்ப்கூட பிச்சாவரம் போய்த் திரும்பிவிடும். மேளக்காரருக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, பட்டாசுக்கு நின்று, யாராவது சால்வை போட நின்று, எதிரே டவுன்பஸ் வந்தால் அதற்கும் நின்று போகிறபோதுதான் அந்தச் சாமானின் யோக்கியதை தெரியும். உச்சிவெயிலில் வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். சிவகாமி அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்களோடேயே நின்றுகொண்டார். நான்கு பேரும் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. தீர்ப்பு வாசிக்கப்போகிற ஜட்ஜைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார் சபாநாயகம். பாதி தாண்டி ஓர் இடத்தில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே நின்றது.

"கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று பத்திரிகை வைத்தார் சபாநாயகம். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமான் செட்டோட" என்றார்.

கலியமூர்த்தி ஸ்பேனர்களையெல்லாம் ஒரு பட்டுப்புடவைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்கள் சீர் கொண்டுவருகிறார் என்று நினைத்து அவருக்கு வழிவிட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு பொழுது சாயும் நேரத்தில் கிளம்பியது. சபாநாயகம்தான் ஓட்டினார். மாப்பிள்ளை அவருக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்து, எதிரே நின்று போட்டோ எடுக்கிற சிநேகிதர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நாதஸ்வரம், தவில். நான் வண்டியின் ஓரமாக நடந்தேன். நகையும் புடவையும் பார்க்கவேண்டிய இடத்தில், வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். சம்பந்தி இதைக் கவனித்திருக்க வேண்டும். பட்டு ஜிப்பாவும் நெற்றியில் சந்தனமுமாக, நல்ல ஆகிருதியான மனிதர். மெல்ல என் பக்கம் வந்து சேர்ந்துகொண்டார்.

"நீங்கதான் பம்ப் போட்டவுங்களாம்மா?"

"ஆமாங்க சார். கடலூர் ஒர்க்ஷாப்."

"டாக்சி பம்ப்தான?"

நான் மறுபடி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. மொத வருஷமே எனக்குத் தெரியும். பானெட்டு தெறக்கவேணாம், சத்தமே போதும். எங்க அப்பா டாக்சிதான் ஓட்டுனாரு. பாண்டி ஸ்டாண்டுல. அந்த இன்ஜின் சத்தம் கேட்டாத்தான் அப்பா வந்துட்டாருன்னு எங்களுக்குச் சோறு போடுவாங்க. அங்க வர்ற வண்டியெல்லாம் அழகாத்தான் இருக்குது. இவரு வண்டி வந்து நின்னுச்சுன்னா மட்டும் எனக்கு எங்க அப்பா வந்துட்ட மாதிரி இருக்கும். அதான் போய்ப் பேசுனேன்."

"அவருகிட்ட ஒரு தடவகூட சொல்லலியா சார்?"

"எத? இன்ஜினயா, அப்பாவயா?" என்று கேட்டார். "இன்ஜினச் சொல்லியிருந்தா அடுத்த வருஷம் அவரு வந்திருக்கவே மாட்டாரு. அப்பாவச் சொல்ல..." தவில்காரர் ஒரு உருட்டு உருட்டி முடிக்கும் வரை நிறுத்தினார். "தலமுற தலமுறயா வக்கீல் குடும்பம்மா அவுங்க. நாம டாக்சிக்காரர் மவன்னு எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு இருந்துட்டேன். இப்ப பொண்ணு எடுத்தாச்சு. இனிமே சொன்னா மறச்சோம்னு ஆயிடும். நீங்களும் அவருகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் முன்னால் போய் மேளக்காரருக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்.

பட்டாசு வெடிப்பதற்காக ஊர்வலம் நின்றது. இன்ஜின் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது. சபாநாயகம் கையசைத்து என்னைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன்.

"என்னம்மா கேட்டாரு சம்பந்தி? ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டு வந்தாரே."

"பம்ப்பப் பத்தித்தான் சார்."

அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "என்ன சொன்ன?"

"வண்டி ஜோரா ஓடுதுன்னு அவருதான் சொன்னாரு. சத்தம் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

சபாநாயகம் சம்பந்தியின் முதுகை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "ரசனையுள்ள மனுஷன்மா. எல்லாருக்கும் இது பிடிபடாது" என்றார்.

பட்டாசு முடிந்ததும் ஊர்வலம் நகர்ந்தது. அந்தத் தெருவில் இரண்டு டாக்சிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று பானெட்டுக்குள், இன்னொன்று ஜிப்பாவுக்குள். இரண்டையும் அறிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் ஒருவர் அவரிடம் சொல்லாதே என்கிறார். அவர் இவரிடம் சொல்லாதே என்கிறார். இருவரையும் பக்கம் பக்கமாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நான் ஸ்டோரில் வேலை பார்க்கிறவள். என்னிடம் கேட்டது பம்ப். அதைச் சரியாகக் கொடுத்தாயிற்று. கேட்காததை எடுத்து நீட்டுவது நம் வேலையில் சேராது.

மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை முள் பாதி தாண்டிய அதே இடத்தில் நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. கலியமூர்த்தி தன் புடவைக் கடைப் பையைக் கடைசிவரை பிரிக்கவேயில்லை. வண்டி சூடாகியிருந்தால், அத்தனை ஜனத்துக்கு நடுவில் பானெட்டைத் தூக்க வேண்டி வந்திருக்கும். சம்பந்திகள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அது நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம்.